துளையைப் பார்க்காதே, அக்கா

நார்த் ஃபோர்க் ஆற்றங்கரை
28 ஆகஸ்ட் 1931

அன்புத் தங்கை ஹெல்விக்கு,

நீயும் அம்மாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? விடுதி அடுப்படியில் நின்று நின்று வீங்கிய அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி? நானும் கைசுவும் நன்றாக இருக்கிறோம். கைசுவுக்குக் கீழே ஒரு பல் முளைத்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை என் விரலைக் கடித்துத்தான் கொண்டாடுகிறாள்.

உன் அத்தான் மரம் வெட்டும் முகாமுக்குப் போய்விட்டார். பனி விழுந்து வேலை நிற்கும்வரை வர முடியாது. அங்கே தபாலும் போகாது. அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

அம்மா பெயரைச் சொல்லாமலே சொல்லி நம்மை மிரட்டுவாளே, அந்தத் தேன்கையன் போன வாரம் பன்றிக் கொட்டகையின் கூரையைப் பிரித்துப் பெரிய பன்றியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் உன் அத்தானின் தாத்தா வைத்திருந்த பழைய லீவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டேன். அதன் தோட்டா என் பெருவிரல் பருமன். தோளே கழன்றுவிட்டது போலிருந்தது. ஆனால் படவில்லை. குறி பார்க்கக் குழலின் மேல் வைத்திருக்கும் பின்குறி, துப்பாக்கி எப்போதோ வண்டியிலிருந்து விழுந்ததில் வளைந்திருக்கிறது. எதைப் பார்த்துச் சுட்டாலும் இரண்டு முழம் தள்ளிப் போகிறது.

அத்தானின் பெட்டியில் ஒரு துளைக்குறி கிடக்கிறது. சின்ன இரும்புத் தண்டு. அதன் தலையில் நடுவில் ஓட்டை போட்ட ஒரு வட்டம். மடக்கலாம், நிமிர்த்தலாம். எங்கே மாட்டுவது, எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. நீ நூலகத்தையே தின்கிறவள். தேடிப் பார்த்து எழுது.

நான் இங்கிருந்து வர முடியாது. குளிர்காலம் முடியும்வரை யாராவது ஒருவர் இந்த வீட்டில் குடியிருந்தால்தான் நிலம் எங்கள் பெயருக்கு வரும். பசுவும் கன்றும் வேறு இருக்கின்றன. அம்மாவிடம் மூச்சு விடாதே. "அந்தக் காட்டுல ஒரு குளிர்காலம் தாங்க மாட்டே"ன்னு கல்யாணத்தன்றே சொன்னவள்.

சனிக்கிழமைதோறும் கிளெம் தபால் வண்டியில் வருவார். உடனே எழுது.

உன் அக்கா
ஐனோ


பியூட்
3 செப்டம்பர் 1931

என் அருமை அக்காவுக்கு,

கைசுவின் பல்லுக்கு என் வாழ்த்து. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. வாய் வழக்கம்போல் நன்றாக வேலை செய்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கரடியைக் கரடி என்று எழுதினால் அது வந்துவிடாது. அதற்கு வாசிக்கத் தெரியாது.

நூலகத்தில் மிஸ் பெம்பர்டன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "போன வாரம் நட்சத்திரம், இந்த வாரம் துப்பாக்கியா? கணக்கு டீச்சர் மேல அவ்வளவு கோவமா?" என்றார். அக்காவுக்கு என்று சொன்னேன். "அப்ப உங்க அத்தான் பாடு திண்டாட்டம்தான்" என்று சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்துவிட்டார். குறி பார்த்துச் சுடும் போட்டியில் கோப்பை வாங்கிய ஒருவர் எழுதிய புத்தகம் கிடைத்தது. படங்களோடு இருக்கிறது. இரண்டே மாலையில் முடித்துவிட்டேன்.

சுத்திக்குப் பின்னால், கை பிடிக்கும் கழுத்தின் மேல், நாக்குப் போல ஓர் இரும்புப் பட்டை இருக்கும். அதில் இரண்டு திருகுகள் தெரியும். இரண்டையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் துளைக்குறியை உட்காரவை. அதோடு வந்த நீளமான திருகைத்தான் பின்னால் போட வேண்டும், பழையது எட்டாது. குழலின் மேலுள்ள வளைந்த பின்குறியை எடுத்துவிடு. அது நின்றால் துளையின் பார்வையை மறைக்கும். செம்புத் துண்டை வைத்து இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாகத் தட்டினால் கழன்று வரும்.

பார்க்கும் விதம்தான் அழகு. துளையைப் பார்க்காதே, அக்கா. துளை வழியாகப் பார். எல்லோரும் வட்டத்தின் நடு எங்கே என்று தேடித்தான் கெடுகிறார்களாம். தேடவே வேண்டாம். குழலின் நுனியில் இருக்கும் மணியை மட்டும் பார்த்து அதை இலக்கின் மேல் வை. வட்டத்தின் நடுவைக் கண்ணே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இதைக் கோடு போட்டு எழுதுகிறேன்: கண்ணைத் துளைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நெருங்கு. இமை தொட்டாலும் தப்பில்லை. நெருங்க நெருங்க உலகம் பெரிதாகத் தெரியும்.

அட்டையில் ஆணியால் துளையிட்டு ஜன்னலில் நின்று நானே பார்த்தேன். சுரங்கத்துக் கோபுரத்தில் சக்கரம் சுற்றுவதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. அம்மா வந்து, "அடியே, கண்ணு ரெண்டு இருக்கிறது போதாதா, அட்டையில வேற ஓட்டை போடறியா?" என்று கேட்டாள். பாடம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சுட்டுப் பார்த்து எழுது. கைசுவின் அந்த ஒற்றைப் பல்லுக்கு ஒரு முத்தம்.

உன் தங்கை
ஹெல்வி


நார்த் ஃபோர்க் ஆற்றங்கரை
12 செப்டம்பர் 1931

என் புத்திசாலித் தங்கைக்கு,

உங்கள் இருவரையும் கடவுள் காக்கட்டும். கிளெம் கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். எனக்கும் பாப்பாவுக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது.

நீ சொன்னபடி மாட்டிவிட்டேன். பின்திருகு துருவேறி அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் திருப்புளியோடு மல்லுக்கட்டினேன். கிளெம் இப்போதுதான் அதைப் பார்த்தார். "என்னம்மா, பட்டாளத்துல சேரப் போறியா?" என்கிறார். "ஆமா, உங்க கழுதைங்க மேலதான் முதல் குண்டு" என்றேன். தூரமாகப் போய் நின்றுகொண்டார்.

ஹெல்வி, இனி அந்தப் பெயரை எழுதாதே. போன முறை உன் கடிதத்தை நான் வாய்விட்டு வாசித்தேன். அன்று சாயங்காலமே குளியல் வீட்டுக் கதவில் நகக்கீறல். மரத்தில் விரல் நுழையும் ஆழம். தற்செயல்தான். இருந்தாலும் எழுதாதே.

அவன் வருவது பொழுது சாயும் நேரத்தில். முதலில் பசு காதை விறைக்கும். பிறகு ஈரக் கம்பளியும் அழுகல் மீனும் கலந்தது போல ஒரு வாடை. பிறகுதான் சத்தம்.

குண்டு இடப்பக்கம் போனால் துளையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்? அதைச் சொல்ல மறந்துவிட்டாய். கிளெம் போனதும் ஆற்று மணலில் பலகை நட்டு முதல் முறை சுட்டுப் பார்க்கப் போகிறேன். இமை தொடும் அளவுக்கு நெருங்கித்தான். சரிதானே?

உன் அக்கா
ஐனோ


பியூட்
17 செப்டம்பர் 1931

அன்பு அக்கா,

இந்தக் கடிதம் வரும்போது நீயும் கைசுவும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே மழை, நிலக்கரிப் புகை, அம்மாவின் ஏலக்காய் ரொட்டி. நாங்கள் சுகம்.

உன் கேள்விக்குப் பதில்: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே துளையை நகர்த்து. இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம் தள்ளு. கீழே விழுந்தால் தண்டை உயர்த்து. எப்போதும் மயிரிழை அளவுதான், ஒரேயடியாக அல்ல.

இமை தொடும் அளவுக்கு நெருங்குவது மிகச் சரி. புத்தகத்தில் அந்த வரியை மறுபடி போய் வாசித்தேன். பயந்து தலையைப் பின்னுக்கு இழுக்கிறவர்கள்தான் தவறவிடுகிறார்கள் என்று இருக்கிறது. பின்வாங்காதே!

பள்ளியில் "என் குடும்பத்தின் வீரர்" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எல்லோரும் தாத்தாவை எழுதினார்கள். நான் உன்னை எழுதினேன். பெயரை மாற்றிவிட்டேன், பயப்படாதே. அந்த மிருகத்தின் பெயரையும் எழுதவில்லை. டீச்சர் "எந்த மிருகம்?" என்று சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்.

பலகையில் எத்தனை ஓட்டை விழுந்தது? உடனே எழுது.

ஹெல்வி


பியூட்
30 செப்டம்பர் 1931

அக்கா,

எப்படி இருக்கிறாய்? இதை வெறும் மரியாதைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் நிலையத்துக்குத் தினமும் போகிறேன். அங்கிருக்கும் ஆள் என்னைப் பார்த்ததும் இல்லை என்று தலையை ஆட்டுகிறான், நான் கேட்பதற்கு முன்பே. மழையில் பாலம் போயிருக்கும் என்கிறான். உங்கள் பக்கம் பாலமே கிடையாது என்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

நேற்று அம்மா மாவு பிசைந்துகொண்டே, "உங்க அக்கா ஏன் எழுதல?" என்றாள். வேலையாக இருப்பாள் என்றேன். "வேலையா இருந்தா எழுதுவா. அவளுக்கு வேலைய விட்டு ஓடறதுக்கு அதுதானே சாக்கு" என்றாள். மாவை அடித்த அடியில் மேசை ஆடியது. திடீரென்று கேட்டாள்: "அந்தப் பக்கம் தேன்கையன் உண்டா?"

எனக்குத் தெரியாது என்றேன். அம்மாவிடம் இவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதே இல்லை. முகத்தை மறைக்கப் புத்தகத்தைத் திறந்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

அக்கா, ஒரு வரி போதும். "உயிரோடு இருக்கிறேன்" என்று எழுது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஹெல்வி


நார்த் ஃபோர்க்
3 அக்டோபர் 1931

அன்பு ஹெல்விக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கைசு தவழ்கிறாள். நீங்கள் நலம்தானே.

எழுதத் தாமதமானதற்குக் கோபிக்காதே. விறகு அடுக்கும்போது விழுந்துவிட்டேன். தலை வலித்தது. இப்போது இல்லை. எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

துளைக்குறி மிக நன்றாக வேலை செய்கிறது. உன் புத்தகத்தில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு விஷயம் மட்டும் கேட்டுச் சொல். இடத்தோளில் வைத்து, இடக்கண்ணால் பார்த்துச் சுடலாமா? அப்படிச் சுடுகிறவர்கள் உண்டா?

பொழுது சாயும்போது அந்தச் சின்னத் துளையில் ஒன்றும் தெரிவதில்லை, ஒரே இருட்டு. துளை உள்ள அந்த நடுத் தட்டைத் திருகிக் கழற்றினால் வளையம் பெரிதாகிறது. கழற்றினால் குறி தப்புமா?

அவன் இன்னும் வருகிறான். அம்மாவிடம் சொல்லாதே.

ஐனோ


பியூட்
8 அக்டோபர் 1931

அன்பு அக்கா,

உன் கடிதம் கையில் கிடைத்ததும் தபால் நிலையத்து வாசலிலேயே அழுதுவிட்டேன். நாங்கள் நலம். பாப்பா தவழ்கிறாள் என்பதை மட்டும் பத்து முறை வாசித்திருப்பேன்.

பிறகு மற்ற வரிகளை வாசித்தேன். எழுத்து கோணலாக இல்லை, அக்கா. ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறி நிற்கிறது. "கைசு" என்ற சொல்லின் பாதி மேல் வரிக்குள் இருக்கிறது. விறகில் விழுந்தவர்களுக்கு ஏன் இடத்தோள் வேண்டும்?

இன்னொரு புத்தகம் தேடினேன். இது போட்டிக்காரர் எழுதியது இல்லை, பெரிய மிருகங்களை வேட்டையாடியவர் எழுதியது. உன் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. தட்டைக் கழற்றலாம். வேட்டைக்காரர்கள் எல்லோரும் அதைக் கழற்றிவிடுவார்களாம். வெறும் வளையம் போதும். கண் அதிலும் நடுவைக் கண்டுபிடித்துவிடும். மங்கலான வெளிச்சத்தில் அதுதான் நல்லது. லீவர் நடுவில் இருப்பதால் இடக்கையாலும் அதே வேகத்தில் இயக்கலாம்.

அடுத்த பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதை அப்படியே எழுதுகிறேன். "கழுத்தில் மாட்டும் துளைக்குறியைக் கனத்த தோட்டாத் துப்பாக்கியில் வைத்திருப்பவர் கண்ணை நாலு விரற்கடைக்குக் குறைவாக நெருக்கக் கூடாது, உதையில் தண்டு பின்னால் வந்து கண்ணைக் குத்தும்."

அதை வாசித்தபோது புத்தகம் என் கையிலிருந்து விழுந்தது. மிஸ் பெம்பர்டன், "ஹெல்வி, என்னடா கண்ணு, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?" என்றார்.

முதல் புத்தகம் சின்னத் தோட்டாத் துப்பாக்கிக்கு எழுதியது. பென்சில் பருமன் தோட்டா, உதையே இல்லாதது. நீ முதல் கடிதத்திலேயே பெருவிரல் பருமன் என்று எழுதியிருந்தாய். தோள் கழன்றதாகவும் எழுதியிருந்தாய். நான் அதை வாசித்தேன், ஆனால் அது மண்டையில் ஏறவில்லை. பின்வாங்காதே என்று வேறு எழுதினேன்.

அக்கா, உண்மையைச் சொல். வலது கண்ணா? பார்வை இருக்கிறதா? வேறு எதையும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது.

இனி சுட்டால் நாலு விரல். கட்டைவிரலைத் துப்பாக்கியின் கழுத்து மேல் குறுக்கே போடாதே, பக்கவாட்டில் வை. துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் இறுக்கி வை. சுடாமலே இருக்க முடிந்தால் சுடாதே.

பயமாக இருக்கிறது.

ஹெல்வி


நார்த் ஃபோர்க்
17 அக்டோபர் 1931

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது. காப்பித்தூள் இன்னும் இருக்கிறது, அதுவரை உலகம் முடிந்துவிடாது.

தட்டைக் கழற்றிவிட்டேன். நீ சொன்னது சரி, வளையம் போதுமானது. இடத்தோளில் வைத்து மூன்று முறை சுட்டேன். நாலு விரல் விட்டுத்தான். மூன்றும் பலகையில் விழுந்தன. இடக்கையால் லீவர் இழுப்பது முதலில் இடக்கையால் கஞ்சி குடிப்பது போலிருந்தது. இப்போது பழகிவிட்டது.

செவ்வாயன்று கன்றைக் கொண்டுபோய்விட்டான். பகல் வெளிச்சத்தில். நான் கிணற்றடியில் நின்றிருந்தேன், துப்பாக்கி வீட்டுக்குள் இருந்தது. அவன் அவசரப்படவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

பசுவைக் குளியல் வீட்டுக்குள் கட்டியிருக்கிறேன். அதன் ராஜமரியாதையை நீ பார்க்க வேண்டும். கைசுவை முதுகில் கட்டிக்கொண்டுதான் வெளியே போகிறேன். அத்தான் வர இன்னும் கொஞ்ச நாள்தான்.

அம்மாவிடம் சொல்லாதே.

ஐனோ


பியூட்
21 அக்டோபர் 1931

அக்கா,

நான் கேட்டது ஒரே கேள்வி. நீ துளையைப் பற்றிப் பதில் எழுதினாய், தோளைப் பற்றி எழுதினாய், கஞ்சியைப் பற்றிக்கூட எழுதினாய். கண்ணைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அதுவே பதில் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். என்னை வெறுத்தாலும் சரி.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்தாள். "எந்தக் கண்ணு?" என்றாள். வலது என்று நினைக்கிறேன் என்றேன். "நெனைக்கிறியா" என்றாள். பிறகு விடுதிக்காரரிடம் போய், "நாளையிலேர்ந்து உங்க ஆளுங்க சமைச்சுத் தின்னட்டும்" என்று சொல்லிவிட்டு வந்து பெட்டியை எடுத்தாள். முழங்கால் பற்றி நான் ஏதோ சொன்னேன். "காலு வலிக்கும். வலிச்சா நடக்க மாட்டேனா?" என்றாள்.

என்னையும் கூட்டிப் போகச் சொன்னேன். பள்ளிக்குப் போ என்றாள். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள்.

இந்தக் கடிதத்தை அம்மாவின் பையில் வைக்கிறேன். தபாலும் அம்மாவும் ஒரே வண்டியில் வருவார்கள். அம்மா சனிக்கிழமை வந்து சேர்வாள். அதற்குள் இது உன் கைக்கு வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்: அதுவரை வெளியே போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டுக்குள் இரு.

ஹெல்வி


நார்த் ஃபோர்க்
30 அக்டோபர் 1931

ஹெல்விக்கு அம்மா எழுதுவது.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? காதை மூடிக்கொண்டு வெளியே போ. நாங்கள் மூவரும் இருக்கிறோம். எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். உன் அக்காவை எழுத விட்டால் காப்பித்தூளைப் பற்றி எழுதுவாள்.

வண்டியில் வரும்போதே கிளெம், "ஒத்தக்கண்ணு அம்மாவப் பாக்கவா போறீங்க? பாவம், மாடு முட்டிருச்சாம்" என்றான். அப்போது எனக்கு வந்த கண்ணீர் காற்றால் வந்தது என்று வைத்துக்கொள்.

ஆற்றுத் துறைக்கு வந்ததும் கழுதைகள் காதை விறைத்துக்கொண்டு நின்றுவிட்டன. அடித்தும் நகரவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீடு தெரிந்தது. நான் இறங்கி நடந்தேன். காட்டில் நடந்தால் பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். எனக்குப் பேசுவதற்கா பஞ்சம்? உன் அக்காவையும் மருமகனையும் அவன் தாத்தாவையும் உரக்கத் திட்டிக்கொண்டே போனேன்.

வீட்டு வாசலில் உன் அக்கா நின்றாள். முதுகில் குழந்தை, பாதி முகத்தில் துணிக்கட்டு. இடத்தோளில் துப்பாக்கி. குழல் நேராக என்னைப் பார்த்தது.

"ஏண்டி, பெத்தவளையே சுடுவியா?" என்று கத்தினேன். கறுப்புக் கோட்டைப் பார்த்து என்னை அவன் என்று நினைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "அம்மா, திரும்பாதே. ஓடாதே. அப்பிடியே கீழ உக்காரு" என்றாள்.

அப்போதுதான் அந்த வாடை எனக்கு வந்தது. பின்னாலிருந்து.

எனக்கு முழங்கால் மடங்கிப் பல வருடம் ஆகிறது. அன்று மடங்கியது. புதிதாக விழுந்திருந்த பனியில் உட்கார்ந்தேன். பின்னால் மூச்சு விடும் சத்தம் கேட்டது, உலைத் துருத்தி போல. உன் அக்கா சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று எனக்கு வெறி வந்தது. பிறகு கேட்டேன். தலையில் நான் கட்டியிருந்த துணி வளையத்துக்குள்ளேயே இருந்ததாம். அது கீழே போகக் காத்திருந்தாளாம். நான் குனிந்து நெற்றியைப் பனியில் வைத்தேன். வெடித்தது. லீவர் இழுபடும் சத்தம். மறுபடி வெடித்தது. குழந்தை வீறிட்டாள். அதன் பிறகு ஒன்றுமில்லை.

திரும்பிப் பார்த்தேன். வில்லோ புதருக்கு இந்தப் பக்கம், நம் விடுதிச் சாப்பாட்டு மேசை நீளத்துக்குத் தள்ளி, அவன் கிடந்தான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கொன்றால் கேட்க வேண்டும், அதுதான் நம் பெரியவர்கள் முறை. உன் அக்கா படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

இனி கண். வலது கண் போய்விட்டது. கிளெம் வண்டியில் ஊர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அடிபட்ட அன்றே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். மற்றக் கண்ணுக்கு ஆபத்தில்லை. மாடு முட்டியது என்று உனக்கு எழுதச் சொல்லி என்னைக் கெஞ்சினாள். நீ சின்னப் பெண், தாங்க மாட்டாய் என்றாள். நீ தாங்குவாய். அதனால் நடந்ததை எழுதிவிட்டேன். நீ பொய் சொன்னதற்கு வீட்டுக்கு வந்து பேசிக்கொள்கிறேன். உண்மை சொன்னதற்கும் சேர்த்து.

பனி அடைப்பதற்குள் வருகிறேன்.

அம்மா


நார்த் ஃபோர்க் ஆற்றங்கரை
14 நவம்பர் 1931

என் கண்ணான ஹெல்விக்கு,

இந்த வார்த்தையை வேண்டுமென்றேதான் எழுதினேன். சிரி.

அம்மா பத்திரமாக வந்து சேர்ந்தாளா? அத்தான் ஐந்தாம் தேதி வந்துவிட்டார். வாசலில் காயும் தோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய்ப் பசுவைக் குளியல் வீட்டிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தார். பிறகு கொட்டகைக்குப் பின்னால் நின்று வெகுநேரம் அழுதார். கைசு ஆரோக்கியமாக இருக்கிறாள். எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நீ அழுது எழுதிய நாலு பக்கமும் கிடைத்தன. மை எல்லாம் கரைந்து பாதி வாசிக்க முடியவில்லை. வாசித்த பாதிக்குப் பதில் சொல்கிறேன். நெருங்கு என்று எழுதியவளும் நீ, தட்டைக் கழற்று, நாலு விரல் விடு என்று எழுதியவளும் நீ. முன்னதற்கு உன்மேல் கோபம் வருமா என்று நான் காத்திருந்து பார்த்தேன். சில நாள் வந்தது. உண்மையைத்தானே கேட்டாய்? அம்மா அவன் முன்னால் பனியில் குனிந்திருந்தபோது வரவில்லை. பிறகும் வரவில்லை.

கேட்டதற்குப் பதில்: வலது கண். ஒன்றும் தெரியாது. வெளிச்சம்கூட.

உனக்கு இதுவரை எழுதாத ஒன்று இருக்கிறது. அந்தப் பன்றி போனதிலிருந்தே நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். பயத்தை எழுதினால் நீ அம்மாவிடம் சொல்வாய், அம்மா வருவாள், எல்லாம் அவள் சொன்னபடி ஆகும் என்று மறைத்தேன். அவன் செத்தால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. இப்போது என் வலப்பக்கம் முழுவதும் மாலை நேரம் மாதிரி இருக்கிறது. கைசு அந்தப் பக்கமாகத் தவழ்ந்து வந்து பாவாடையைத் தொட்டால் கத்திவிடுகிறேன். அவள் அழுகிறாள். அத்தான் கதவைத் திறந்தாலும் துள்ளி விழுகிறேன். அவரிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்குப் பள்ளி விடும்போது வா. கிளெம் சறுக்கு வண்டியில் கூட்டி வருவார். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், திட்டிவிட்டுச் சரி என்றாள். உனக்குப் பிடித்த புத்தகம் எதுவானாலும் கொண்டு வா, சத்தமாக வாசி. வந்தால் என் வலது பக்கம் உட்கார்.

உன் அக்கா
ஐனோ